விலையேறிய கண்கள்

நிலானி சிரித்துக்கொண்டே தட்டைத் தள்ளி வைத்தாள். சிரித்துக்கொண்டே, "தோசை வேண்டாம்மா, வயிறு வலிக்குது" என்றாள்.

இலக்கியா அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பி மகளைப் பார்த்தாள். ஒன்பது வயது முகம். கன்னத்தில் குழி விழுந்திருந்தது, கண்கள் சுருங்கியிருந்தன. போட்டோவுக்கு நிற்கிற மாதிரி ஒரு சிரிப்பு. குரல் மட்டும் அழுகிற குரல்.

"வயிறு வலிக்கிறவ எதுக்குடி சிரிக்கிற?"

நிலானி எழுந்தாள். கை கழுவப் போனாள். போகும்போதும் சிரித்தபடியேதான் போனாள்.

கொஞ்ச நாளாகவே இலக்கியாவுக்கு எதுவும் சரியாகப் படவில்லை. என்னவென்று சொல்லவும் தெரியவில்லை. கண் நன்றாகத்தான் தெரிந்தது. சொல்லப்போனால் முன்னைவிட நன்றாகவே தெரிந்தது. வீடு எப்போதும் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பால்கனிச் செடிகள் வாடவே இல்லை. கணவன் சபரீஷ் கடையிலிருந்து எத்தனை களைத்து வந்தாலும் முகத்தில் களைப்பே தெரியவில்லை. ஆனால் எதையாவது தொட்டால் கை வேறு ஒன்றைச் சொன்னது. பளபளவென்று தெரிந்த மேசையில் விரல் வைத்தால் தூசி ஒட்டியது.

அவளுக்கு விழித்திரை நோய். கல்லூரியில் படிக்கும்போதே பார்வை ஓரங்களிலிருந்து உதிர ஆரம்பித்தது. நிலானி பிறந்தபோது வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் மிச்சம். பெற்ற மகளின் முகத்தை அவள் முதன்முதலில் பார்த்தது மகளுக்கு ஐந்து வயதானபோது. கோயமுத்தூரில் ஒரு பார்வை மையம் அந்தச் சிகிச்சையைத் தொடங்கியிருந்தது. மூக்குக் கண்ணாடியில் ஒரு கேமரா, பின்மண்டையில் தோலுக்கடியில் ஒரு சில்லு, வீட்டில் டிவிக்குக் கீழே ஒரு பெட்டி. கேமரா பார்ப்பதைப் பெட்டி வாங்கி, மூளைக்குப் புரிகிற துடிப்புகளாக மாற்றி, சில்லுக்கு அனுப்பும். வெளியே போனால் போன் சிக்னல் வழியாக அனுப்பும்.

அந்தப் பெட்டியின் உயிர் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. வீடியோ கேமில் புல் அசைவதையும் தண்ணீர் மின்னுவதையும் கண்மூடித் திறப்பதற்குள் வரைந்து தள்ளுமே, அதே கார்டு. இருப்பதிலேயே உயர்ந்த ரகம். எல்லாக் கடையிலும் கிடைக்கும், பழுதானால் மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் மையத்து டாக்டர்கள் அதை வைத்துப் பெட்டியை வடிவமைத்தார்கள். அன்றைக்கு அது ஒரு நல்ல பைக்கின் விலை.

பிறகு விலை ஏற ஆரம்பித்தது. செயற்கை அறிவுக் கம்பெனிகள் உலகத்தில் உள்ள கார்டையெல்லாம் வாங்கிக் குவித்தன. ஒவ்வொரு புது மாடலும் பழையதைப் போல இரண்டு மடங்கு விலையில் வந்தது. புதியது கிடைக்காதவர்கள் பழையதைத் தேட, பழையதும் ஏறியது. காரின் விலையைத் தாண்டியது. காந்திபுரத்து நகைக்கடைகளில் கார்டுக்கென்று தனி கவுண்டர் போட்டார்கள். அட்சய திருதியைக்குக் குண்டுமணித் தங்கம் வாங்கியவர்கள் சீட்டுப் போட்டுக் கார்டு வாங்கினார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில், "நகை உங்க இஷ்டம், கார்டு ஒண்ணு போட்டுருங்க" என்று கேட்பது சாதாரணமாகிவிட்டது. யாரும் அவற்றில் விளையாடவில்லை. உறை பிரிக்காமல் லாக்கரில் வைத்தார்கள்.

சபரீஷ் முன்பு சரவணம்பட்டியில் கேமிங் சென்டர் வைத்திருந்தவன். விலை ஏறத் தொடங்கியதுமே நல்ல லாபம் என்று இருந்த கார்டுகளையெல்லாம் விற்றுவிட்டு, செல்போன் உதிரிக் கடை போட்டான். விற்ற பிறகு விலை பத்து மடங்கு போனது. அதிலிருந்து அவனுக்குத் தூக்கம் சரியில்லை. சாப்பிடும்போதும் போனில் விலைதான் பார்ப்பான். "இன்னிக்கும் ஏறியிருக்கு" என்பான், யாரோ அவன் பாக்கெட்டிலிருந்து எடுத்துக்கொண்டே இருப்பது போல.

அன்று மாலை மகளை டியூஷனிலிருந்து அழைத்து வரும்போதுதான் அது நடந்தது. தெருமுனையில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். காலியான தெரு. நிலானியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

"அம்மா!"

நிலானி பின்னால் இழுத்த இழுப்பில் இரண்டு பேரும் நடைபாதையில் விழுந்தார்கள். பிரேக் கிறீச்சிட்டது. டயர் தேய்ந்த வாசனை வந்தது. "கண்ணு தெரியலையா உனக்கு?" என்று ஒருவன் கத்தினான். கத்திய இடத்தில் யாருமே இல்லை. காலித் தெரு. பிறகு, திரையில் படம் தாமதமாக ஏறுவது போல, அங்கே ஒரு ஸ்கூட்டரும் ஹெல்மெட் போட்ட ஆளும் தோன்றினார்கள்.

இலக்கியா தடுமாறி எழுந்தாள். "அடிபட்டுச்சா கண்ணு?" என்று மகளைத் திருப்பினாள். நிலானி சிரித்துக்கொண்டிருந்தாள். அதே குழி, அதே சுருங்கிய கண். இலக்கியா அந்தக் கன்னத்தைத் தொட்டாள். ஈரம். விரலை மேலே கொண்டுபோனாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. உதடு கோணியிருந்தது, தாடை அடித்துக்கொண்டிருந்தது. கைக்கடியில் ஒரு குழந்தை தேம்பித் தேம்பி அழுதது. கண்ணுக்கெதிரே அதே குழந்தை சிரித்தது.

மறுநாள் காலை சபரீஷிடம் ஒன்றும் சொல்லாமல் ஆட்டோ பிடித்து மையத்துக்குப் போனாள். அங்கே ஃபஹிமா என்ற இன்ஜினியர் இருந்தாள். ஆபரேஷன் முடிந்த நாள் முதல் இலக்கியாவின் பெட்டியைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். தெருவில் நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, தன் கணினியிலிருந்தே இலக்கியாவின் வீட்டுப் பெட்டிக்குள் நுழைந்து பார்த்தாள். திரையை நெருங்கிக் குனிந்தாள்.

"அக்கா, பெட்டியை யாராவது திறந்தாங்களா?"

"இல்லையே. ஏன்?"

"நாங்க போட்டது இதில்லக்கா. இது ரொம்பச் சின்ன கார்டு. பழசு. கண்ணுக்கு வேண்டியதுல கால் பங்குகூட இதால வரைய முடியாது."

"எனக்கு நல்லாத்தானே தெரியுது?"

"அதான் பயமா இருக்கு." ஃபஹிமா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "கேம்ல ஒரு பழைய தந்திரம் உண்டு. முழுப் படத்தையும் வரைய கார்டுக்குச் சக்தி இல்லன்னா, கொஞ்சத்தை வரைஞ்சிட்டு மிச்சத்தை யூகிச்சு நிரப்பிடும். விளையாடறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது. உங்க பெட்டியில யாரோ அந்த யூகத்தை முழுசா முடுக்கி விட்டிருக்காங்க."

"எதை வெச்சு யூகிக்கும்?"

"இதுவரைக்கும் பார்த்ததை வெச்சு. அந்தத் தெரு எப்பவும் காலியா இருந்தா, காலின்னு வரையும். உங்க பொண்ணு முகத்தை நாலு வருஷமா பார்த்திருக்கு. அவ பெரும்பாலும் எப்படி இருந்தாளோ அதையே வரைஞ்சிடும்."

இலக்கியா மடியில் இருந்த கைகளைப் பார்த்தாள். அவைகூடத் தன்னுடையவைதானா, போன மாதத்துக் கைகளா என்று தெரியவில்லை.

"பெரும்பாலும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கா" என்றாள்.

வீட்டுக்கு வந்து பெட்டியின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். மதியச் சாப்பாட்டுக்கு வந்த சபரீஷ் அவள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்ததுமே வாசலில் நின்றுவிட்டான். அவன் முகம் அமைதியாகத் தெரிந்தது. ஆனால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. இலக்கியா கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைப் பேச முடியாது.

"எப்ப வித்தீங்க?"

"இலக்கியா, நான் சொல்றத..."

"எப்பங்க?"

"தீபாவளிக்கு முன்னாடி." அவன் தரையில் உட்காரும் சத்தம் கேட்டது. "புது மாடல் வருது, வந்ததும் பழசு விலை விழும்னு எல்லாருமே சொன்னாங்க. ஏறியிருக்கும்போது குடுத்துட்டு, விழுந்ததும் அதே மாடலை வாங்கிப் போட்டுடலாம்னு நினைச்சேன். நடுவுல மிஞ்சற காசு நமக்கு. அன்னூர்ல இடம் வாங்கினேனே, அது அந்தக் காசுதான். மூணு மாசம்தான்னு நினைச்சேன். உனக்குத் தெரியவே போறதில்லன்னு..."

"தெரியவே இல்லைதான்."

"புது மாடல் வந்துச்சு. அது வந்த விலையில பழசும் இன்னும் மேல போயிருச்சு. வித்த விலைக்கு இப்ப பாதி கார்டுகூட வராது. தினமும் பார்க்கிறேன். தினமும் ஏறுது." அவன் குரல் உடைந்தது. "ஏற்கனவே ஒருதடவை வித்து ஏமாந்தவன். இந்தத் தடவையாவது ஜெயிக்கணும்னு நினைச்சுட்டேன்."

"நேத்து ஸ்கூட்டர் எங்களை அடிச்சிருக்கும். நிலானி இழுக்கலன்னா போயிருப்போம்."

உள் அறைக் கதவு திறந்தது. வயிற்று வலி என்று பள்ளிக்குப் போகாத நிலானி அங்கே நின்றாள்.

"எனக்குத் தெரியும்மா" என்றாள். "அப்பா மாத்தும்போது நான் பார்த்தேன். உங்கிட்டச் சொன்னா நீ பயந்துருவேன்னு அப்பா சொன்னாரு. நான் சும்மா ஒருநாள் உன் முன்னாடி நின்னு நாக்கைத் துருத்தினேன். நீ ஒண்ணும் சொல்லல. அப்புறம் ஒருநாள் நிஜமாவே அழுதேன். நீ என்னைப் பார்த்து, அழகா சிரிக்கிறடின்னு சொன்ன."

இலக்கியா எழுந்து தடவிக்கொண்டே போய் மகளைக் கட்டிக்கொண்டாள். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஃபஹிமாவுக்குப் போன் செய்தாள்.

"அந்த யூகத்தை நிறுத்திடு."

"அக்கா, நிறுத்தினா பார்வை ரொம்ப மோசமாயிடும். வெறும் கட்டம் கட்டமாத்தான் தெரியும். அதுவும் விட்டு விட்டு."

"தெரியற மட்டும் தெரிஞ்சாப் போதும். நிறுத்து."

நின்றது. வீடு கரைந்து சாம்பல் நிறக் கட்டங்களாக உதிர்ந்தது. கதவு ஒரு நீளக் கட்டம். சபரீஷ் தரையில் ஒரு மொத்தை. அந்த மொத்தை அசைந்து அருகே வருவதற்குள் அவன் கை அவள் காலைத் தொட்டுவிட்டது. அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

அடுத்து வந்த வாரங்களில் அவள் அவனிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. அவன் அன்னூர் இடத்தை அவசர விலைக்குக் கொடுத்தான். அவள் தன் நகைகளை எடுத்து வைத்தாள். கடையின் சரக்கில் பாதி போனது. எல்லாம் சேர்ந்து ஒரு கார்டுக்குக் கிட்டத்தட்ட வந்தது. அதற்குள் விலை கொஞ்சம் நகர்ந்தது. மறுபடி ஓடினான். கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை காந்திபுரத்துக் கார்டுக் கடையிலிருந்து போன் வந்தது. பெட்டிக்குப் பொருந்துகிற மாடல் ஒன்று விற்பனைக்கு வருகிறது, சாயங்காலம் வரை காத்திருக்க முடியாது, பெங்களூர் கம்பெனி ஒன்றும் கேட்டிருக்கிறது என்றார்கள்.

இருவரும் போனார்கள். கடைக்குள் ஏற்கனவே இரண்டு பேர் உட்கார்ந்திருப்பது இலக்கியாவுக்குக் கட்டங்களாகத் தெரிந்தது. கடைக்காரர், "வித்துக் குடுக்கறவங்க இவங்கதான். இனி நீங்களே பேசிக்கலாம்" என்றார். "சரிங்க" என்றாள் இலக்கியா.

"யாரு, இலக்கியா அம்மிணியா?" என்றது ஒரு கட்டம்.

அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். பொன்னுரங்கம். டவுன் பஸ் டிரைவராக இருந்து, கண் போனதும் வேலையும் போனவர். அவளும் அவரும் ஒரே வாரத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். பார்க்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்பில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. வாழைப்பழத்தைப் பார்த்து, "இது என்ன, செருப்புங்களா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தவர்.

"ரங்கண்ணா, நீங்க எங்கே இங்கே?" என்று கேட்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. கவுண்டர்மேல் இருந்த கறுப்புக் கட்டம் யாருடையது என்று புரிந்துவிட்டது.

"என்ற சம்சாரத்துக்கு இதய வால்வு மாத்தணும்னுட்டாங்க அம்மிணி. வேற வழி இல்ல. கண்ணு தெரியாம நான் இருந்து பழகினவன்தானே. அவ இல்லாம இருந்து பழகல." அவர் இயல்பாகத்தான் சொன்னார். "வாங்கறது நீங்கன்னா எனக்குச் சந்தோஷமுங்க. எவனோ கம்பெனிக்காரன்கிட்டப் போயி விளம்பரம் செஞ்சுக்கிட்டுக் கெடக்கறதுக்கு, உங்க கண்ணுல இருந்தா நல்லதுதானே?"

பக்கத்தில் இருந்த அவர் மகன், "அப்பா, நேரமாச்சு" என்றான்.

சபரீஷ் பையைத் திறக்கும் சத்தம் கேட்டது. இலக்கியா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அன்றைக்குப் பிறகு அவளாக அவனைத் தொட்டது அப்போதுதான்.

"ஆபரேஷனுக்கு எவ்வளவு வேணும்ண்ணா? கார்டு விலை முழுசும் வேணுமா?"

"இல்லீங்க. பாதி இருந்தாப் போதும். மீதி இவன் ஏதோ கடை வெக்கறேங்கறான்."

இலக்கியா வெளியே போய் ஃபஹிமாவிடம் பேசினாள். ஒரு கார்டை இரண்டு பேர் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள்.

"ஒரே நேரத்துல முடியாதுக்கா. சக்தி பத்தாது, மறுபடி யூகம்தான் வரும்" என்றாள் ஃபஹிமா. பிறகு யோசித்துவிட்டு, "நேரம் பிரிச்சுக்கலாம். பெட்டி ஒரு வீட்டுல இருந்தாலும் ரெண்டு பேருக்கும் போன் வழியா போகும். ஆனா ஒரு சில்லு ஒரு பெட்டியோடதான் இணையும். அதனால ஒருத்தர் பார்க்கும்போது இன்னொருத்தருக்கு இருட்டுதான். சுத்தமா இருட்டு."

"அதுக்கு வழி இருந்தாச் சரி."

அப்படித்தான் முடிவானது. பாதி விலையைப் பொன்னுரங்கத்திடம் கொடுத்தார்கள். அவர் மகன் முணுமுணுத்தான், கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். காலையிலிருந்து மதியம் ஒரு மணிவரை ரங்கண்ணாவுக்கு. அதன்பிறகு படுக்கும்வரை இலக்கியாவுக்கு. அவருக்குப் பேப்பர் படிக்க வேண்டும், மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். இவளுக்குப் பள்ளி விட்டு வரும் மகள் வேண்டும். பெட்டி ரங்கண்ணா வீட்டில். அவருக்கு ஒரு பட்டன், இவளுக்கு ஒரு பட்டன். அவர் நேரம் முடிந்ததும் அவர்தான் அழுத்தி விட வேண்டும்.

அவர் மனைவிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இலக்கியா காலை வேலைகளை இருட்டிலேயே செய்யப் பழகினாள். நிலானிக்கு ஜடை பின்னிவிடுவதும் இருட்டில்தான். மகள் கோபமாக இருக்கும் நாட்களில் மாலை முழுவதும் அந்தக் கோபத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சபரீஷின் முகத்தில் புதிதாக இரண்டு கோடுகள் விழுந்திருந்தன. அவற்றையும் பார்த்தாள். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. ஆனால் ஒரு மாலை, "முடி கொட்டியிருக்கு உங்களுக்கு" என்றாள். அவன் ரொம்ப நேரம் சமையலறையிலேயே நின்றான்.

விலை மட்டும் நிற்கவில்லை. கார்டுக் கடைக்காரர் இரண்டு வீட்டுக்கும் போன் செய்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் தொகை கூடியிருக்கும். இந்த மாதம் விற்றால் இரண்டு வீட்டுக்கும் ஆளுக்கொரு வீடே வரும் என்றார். அவரிடம் பேசிவிட்டு சபரீஷ் போனைக் கவிழ்த்து வைக்கும் சத்தத்தை இலக்கியா கேட்டிருக்கிறாள். அவன் ஒன்றும் சொல்வதில்லை. அவன் சொல்லாமல் இருப்பதற்குப் படும் பாடு அவளுக்குத் தெரிந்தது. அங்கே ரங்கண்ணாவின் மகன் சொல்லாமல் இருப்பானா என்பது தெரியாது. பெட்டி அங்கே இருக்கிறது. ஒரு காலையில் அவன் அதை எடுத்துக்கொண்டு கிளம்பினால் இங்கே தெரியப்போவதில்லை. ஒரு மணிக்கு வெளிச்சம் வராது, அவ்வளவுதான்.

அதனால் தினமும் பன்னிரண்டு மணிக்கு மேல் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. அரிசி களைவாள், பாதியில் நிறுத்துவாள், கூடத்துக்கு வருவாள், மறுபடி உள்ளே போவாள். தினமும் வெளிச்சம் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வரவில்லை.

பேசும் கடிகாரம் ஒரு மணி என்றது. இருட்டு. இலக்கியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டாள். இருட்டு. சபரீஷ் சாப்பிட உட்கார்ந்திருந்தான். தட்டில் அவன் கை நின்றுபோனது அவளுக்குக் கேட்டது.

"வரலையா?" என்றான்.

"இல்ல."

"போன் பண்ணட்டுமா?"

"வேண்டாம்." எதற்கு வேண்டாம் என்றாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கேட்டு, அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால்? நேற்றுத்தான் கடைக்காரர் பேசியிருந்தார். அவர் சொன்ன தொகைக்கு யார்தான் மாற மாட்டார்கள்? சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிலானி வந்து அவள் விரலைப் பிடித்துக்கொண்டாள். மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். கொதிக்கும் ரசத்தின் வாசனை வந்தது. நிறுத்த வேண்டும் என்று தோன்றியது, கால் நகரவில்லை.

வெளிச்சம் வந்தது.

முதலில் ஜன்னல், பிறகு தட்டு, பிறகு தட்டின் மேல் அசையாமல் நின்ற சபரீஷின் கை. அவன் முகம் வெளிறிப்போயிருந்தது. அவள் தலையாட்டினாள். உடனே போன் அடித்தது.

"மன்னிச்சுக்கோணும் அம்மிணி" என்றார் பொன்னுரங்கம். அவருக்கு மூச்சு இரைத்தது. "நேரம் தாண்டிப் போச்சுங்க. நியூசிலாந்துல மேட்ச் நடக்குதுல்ல, கடைசி ஓவரு. நம்மாளுங்க வேற இழுத்துட்டுப் போயி உசுரை வாங்கறாங்க. பட்டனை அழுத்தக் கையே வரல."

இலக்கியாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. "அதுக்கென்னண்ணா. யார் ஜெயிச்சா?"

"தெரியலீங்களே. கடைசிப் பந்துக்கு நாலு ரன்னு வேணும். அதுக்குள்ள திடீர்னு உங்க நெனப்பு வந்துருச்சு. பாவம், அங்க இருட்டுல நின்னுட்டிருப்பீங்களேன்னு அழுத்திட்டேன்."

"டிவி சத்தத்துல கேட்டிருக்குமே?"

"சம்சாரம் தூங்கறாளுங்க. சத்தத்தைச் சுத்தமா அமர்த்தி வெச்சுட்டுத்தான் பார்த்துட்டிருந்தேன்."

சபரீஷ் எச்சில் கையோடு எழுந்து ரிமோட்டைத் தேடினான். நிலானி அதற்குள் டிவியைப் போட்டுவிட்டாள். பச்சை மைதானம், விளக்கு வெளிச்சம், தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கும் கூட்டம்.

"போனை வைக்காதீங்கண்ணா" என்றாள் இலக்கியா, டிவிக்கு நேர் எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தபடி. "இன்னும் போடல. ஃபீல்டிங்கை மாத்திக்கிட்டு இருக்காங்க. மட்டை பிடிச்சிருக்கிறது இடதுகைக்காரன். கையுறையைக் கழட்டிக் கழட்டி மாட்டறான்."

"ஆமாங்க, அவன் அப்படித்தான். அப்புறம்?"

"இருங்க, நான் பார்த்துச் சொல்றேன். பௌலர் ஓடி வர்றான்."